அரையணா வரியும் ஊர்ப்புற நூலகமும்

கிராமங்களுக்கு அரசு செய்யும் உதவி என்றதும் வாய்க்கால், சாலை, விதை, கடன், சத்துணவு என்று நம் பட்டியல் நீளும். அதில் புத்தகத்தைச் சேர்ப்பவர் அரிது. ஆயினும் சிற்றிதழ் வாசகர்களாகிய நம்மில் பலர் முதல் நாவலைக் கையில் எடுத்தது புத்தகக் கடையில் அன்று. ஏதோ ஓர் ஊரின் கிளை நூலகத்தில்தான். அந்த நூலகம் யாருடைய பணத்தில், எந்த ஏற்பாட்டின்படி அங்கு வந்து சேர்ந்தது என்பதை நாம் பெரும்பாலும் கேட்டதில்லை. இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அது பரோடா சமஸ்தானத்தில் தொடங்குகிறது. மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். பள்ளியை விட்டு வெளியேறும் சிறுவன் படிக்க ஏதுமின்றிச் சில ஆண்டுகளில் எழுத்தையே மறந்துபோவான் என்ற கவலை அவருக்கு இருந்தது. 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் ஆலன்சன் போர்டனை வரவழைத்து, நூலகத்துக்கெனத் தனித் துறையையே அமைத்தார். அத்துறை வகுத்த நெறி எளியது. ஊரார் ஒரு தொகை திரட்டினால் அதற்கு ஈடான தொகையை மாவட்டப் பஞ்சாயத்து ஒரு பங்காகவும் அரசு ஒரு பங்காகவும் தரும். நூலகம் அமைக்க இயலாத சிற்றூர்களுக்கு மரப்பெட்டிகளில் புத்தகங்கள் பயணம் செய்தன. போக்குவரத்துச் செலவு அரசுடையது.

இந்நெறியின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. முதல் பங்கை ஊரார் தரவேண்டும் என்பதால் நூலகம் ஊரின் உடைமை ஆயிற்று. ஆனால் முதல் பங்கைத் தர வழியற்ற ஊர், மற்ற இரு பங்குகளையும் இழந்தது. உதவி யாருக்கு மிகத் தேவையோ அவர்களையே கடைசியில் நிறுத்தும் தன்மை இதில் ஒளிந்திருந்தது.

சென்னை மாகாணம் வேறு வழியில் வந்தது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 21 அன்று, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களுடன் புறப்பட்டது. அதனை உருவாக்கியவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. தனிமனிதர் ஒருவரின் உள்ளத்தில் எழுந்த அறச்செயல் அது. அதனாலேயே அது எல்லா ஊர்களுக்கும் போய்ச்சேர இயலாது என்பதை அரங்கநாதன் உணர்ந்திருந்தார். வண்டி வேண்டும், ஆனால் வண்டியை ஆண்டுதோறும் ஓடச்செய்யும் சட்டமும் வேண்டும். 1930இலேயே அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதியிருந்தார். 1933இல் பஷீர் அகமது சயீது மாகாணச் சட்டமன்றத்தில் நூலக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. 1950 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அன்றே கன்னிமரா நூலகம் மாகாண மைய நூலகமாயிற்று. சட்டத்தின் உயிர் அதன் வரியில் இருந்தது. சொத்துவரியிலும் வீட்டுவரியிலும் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலகத்துக்கென வசூலிக்கப்பட்டது. உள்ளாட்சி அதனை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கவேண்டும். தமிழ்நாட்டில் இவ்வரி பின்னர் ரூபாய்க்குப் பத்து காசாக உயர்ந்தது.

இங்கு நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீட்டுவரி நகரத்தில் பெருகும். கூரைவீடுகள் நிறைந்த ஊரில் சில்லறையாகவே தேறும். எனவே வரியை மட்டும் நம்பினால் நகரத்துக்கு நூலகமும் கிராமத்துக்கு அறிவிப்புப் பலகையும்தான் கிடைக்கும். இதனை முன்னுணர்ந்த சட்டம், சென்னை நகர் நீங்கலாக ஏனைய மாவட்டங்களின் நூலக நிதிக்கு வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசு தரவேண்டும் என்று விதித்தது. தலைநகரை விலக்கி மாவட்டங்களைத் தாங்கிய அந்த ஒரு விதி, நம் நாட்டு நிர்வாக வரலாற்றில் அதிகம் பேசப்படாத நல்ல செயல்களுள் ஒன்று.

கேரளத்தின் வழி மூன்றாவது. 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தோற்றுவித்தார். அங்கு நூலகம் ஊராரால் பிறந்தது. அரசு பின்னர் மானியத்தோடு வந்தது. 1977இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டபோதும், 1989ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு நூலகங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமே நிர்வாகத்தை அளித்தது. ஆக, பரோடாவில் மன்னரும் சென்னையில் சட்டமும் கேரளத்தில் மக்களும் முன்னின்றனர் எனலாம். இம்மூன்றில் மன்னர் வழிதான் முதலில் மறைந்தது. 1949இல் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அந்நிலம் பின்னர் அடங்கிய குஜராத், நூலகச் சட்டம் இயற்றியது 2001இல்தான்.

தமிழகத்தில் 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் எட்ட முனைந்தது. அதன் கூறுகளுள் ஒன்று ஊராட்சிதோறும் நூலகம். நோக்கம் பெரிது, எண்ணிக்கையும் பெரிது. ஆனால் இந்நூலகங்கள் பொது நூலகத் துறையின்கீழ் அன்றி ஊராட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டன. நூலகராக அமர்ந்தவருக்குக் கிடைத்தது சொற்ப மதிப்பூதியம். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் போதும். புத்தகத்துக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். நூலகருக்கோ மாதந்தோறும் வேண்டும். இந்த மூன்றாவது செலவை மறந்த இடங்களில் பூட்டு தொங்கியதில் வியப்பில்லை. இவற்றைச் சீரமைக்கும் அறிவிப்புகள் பின்னர் வந்தன.

வரியின் கதையும் முழு மகிழ்ச்சி தருவதன்று. மக்கள் செலுத்திய நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது நெடுங்காலக் குறை. குடிமகன் தன் பங்கைக் கொடுத்துவிட்டான். அது நூலகத்தின் வாசலை அடையவில்லை.

இது நமக்கு வெறும் நிர்வாகச் செய்தி அன்று. தமிழில் கவிதைத் தொகுப்போ ஆய்வுநூலோ அச்சேறும்போது, பதிப்பாளர் மனக்கணக்கில் நூலக ஆணைக்கு ஓரிடம் உண்டு. அந்த ஆணை தாமதமானால் அடுத்த நூல் அச்சுக்குப் போவதில்லை. வாங்கிய நூலோ ஊர்ப்புற நூலகத்தில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தால், எழுதியவனும் படிக்கவேண்டியவனும் ஒருவரையொருவர் காணாமலே போகின்றனர்.

அடுத்தமுறை வீட்டுவரி ரசீதைக் கையில் வாங்கும்போது நூலக வரி என்ற அந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம். பிறகு நம் ஊர் நூலகத்துக்குச் சென்று, அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்போம். அதைக் கேட்கும் உரிமைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம்.