தாங்குறுதி வன்வட்டுகள் (சப்ரகமுவத் தோட்டங்களில்)

விழுந்தாலும் நசுங்கினாலும் நனைந்தாலும் தரவு அழியாதபடி தடித்த உறையிட்டுச் செய்யப்படும் கையடக்கச் சேமிப்புச் சாதனங்கள். நீல் போல்ட்டன் வடிவமைத்து 2005இல் வெளிவந்த லாசி நிறுவனத்தின் செம்மஞ்சள் இறப்பர் உறை வன்வட்டு இவ்வகையில் பெயர்பெற்றது. சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கில் தட்டுக்கும் வாசிப்பு முனைக்கும் சில நனோமீற்றரே இடைவெளி. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் முச்சக்கரவண்டியில் போவோருக்கு, அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டிதான் பொருத்தம்.

தோட்டங்களில் சேமிக்க வேண்டியவை செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வருகைப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், பிரசாவுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே பங்கிடப்பட்ட மலையகத் தமிழருக்கு இக்காகிதங்கள் சாதாரணமானவை அல்ல.

உறையின் காப்பை 'ஐபி' எண் காட்டும். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை புதிய சாதனத்தைத் தெளிந்த நீரில் இட்டுச் செய்யப்படுவது. 2003இலும் 2017இலும் மே மாதத்தில் களுகங்கை பெருகி இரத்தினபுரிக்குள் புகுந்த வெள்ளம் அரை மணியில் வடியவில்லை, சேற்றையும் விட்டுப்போனது. கேகாலை மாவட்டத்தில் 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன் குடியிருப்புகளையும் மண் மூடியது. அங்கே எந்த உறையும் உதவாது.

அன்றாடத் தொல்லை வெள்ளமல்ல, புழுக்கம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த வன்வட்டில் நீர் முத்துமுத்தாகப் பூக்கும். யூஎஸ்பி வாயின் தொடுமுனைகளில் நாளடைவில் களிம்பு ஏறும். ஈரம் பட்ட சாதனத்தை உடனே கணினியில் செருகக் கூடாது. அதை அரிசிக்குள் புதைக்கும் வழக்கமும் வீண். தவிட்டுத் தூள் வாய்க்குள் போவதுதான் மிச்சம். இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது மலிவான, பயன்தரும் வழி. எஸ்எஸ்டியை ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் பூட்டிவைப்பதும் தவறு. மின்சாரமின்றிக் கிடந்தால் அதில் பதிந்த மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் அதை விரைவுபடுத்தும்.

விலை கூடிய ஒரே ஐபி67 வன்வட்டை வாங்கும் பணத்தில் இரண்டு சாதாரண வன்வட்டுகளை வாங்கி, ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே, வெள்ளமும் மண்சரிவும் எட்டாத ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதே மேல்.