செந்தூல் பட்டறையும் தேய்ந்த பற்சக்கரமும்

பத்துமலைக்குப் போகும் நம்மவருக்குப் படிகள் 272 என்பது தெரியும். 1891ஆம் வருஷத்தில் குகையிலே வேல் நட்டு வழிபாடு தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் 1905ஆம் வருஷ வாக்கில் கோலாலம்பூரிலிருந்து அம்மலைக்குப் போட்ட ரயில் கிளைப்பாதையின் நடுவிலே செந்தூல் என்று ஓர் ஊர் இருப்பதையும், அங்கே நம்மவர் மூன்று தலைமுறையாகச் செய்த வேலை இன்னதென்பதையும் கேட்டால், நூற்றில் பத்துப் பேர்கூட விடை சொல்லமாட்டார்கள். மலைக்குப் போன பாதையின் சரித்திரம் இருக்கிறது; பாதையில் ஓடிய வண்டியைப் பழுது பார்த்தவனுடைய சரித்திரம் இல்லை. அதைப் பற்றிச் சொல்லுமுன், சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் வேறொரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவிலே பழைய பந்தய மோட்டார்களைப் பாதுகாத்து, இன்றும் ஓட்டிப் பார்க்கும் செல்வர் பலர் உண்டு. அவ்வண்டிகளில் நம் பக்கத்துக்காரர் ஒருவருடையதும் அடக்கம். சயாம் அரச குடும்பத்தைச் சேர்ந்த பீரா என்னும் இளைஞருக்கு 1935ல் அவர் உறவினர் சூலா இளவரசர் ஈ.ஆர்.ஏ. என்ற ஆங்கிலப் பந்தய வண்டி ஒன்றைப் பரிசளித்தார். 'ரோமுலஸ்' என்று அதற்குப் பெயர். அடுத்த வருஷமே மொனாக்கோவில் சிறிய வண்டிகளுக்கான பந்தயத்தில் வெள்ளைக்காரர் பலரை முந்தி பீரா வென்றார். ஆசியாக்காரனுக்கு யந்திரம் பிடிபடாது என்று பேசித் திரிந்தவர்களுக்கு அது நல்ல பதிலாயிற்று. நிற்க.

யுத்தத்துக்கு முன் ஈ.ஆர்.ஏ. கம்பெனி செய்த வண்டிகள் இருபதுக்கு மேற்படா. அவற்றின் கியர்ப்பெட்டி வில்ஸன் என்ற நிபுணர் வகுத்தது. நடுவிலே ஒரு சக்கரம், அதைச் சூரியனாகக் கொண்டு கிரகங்கள்போல் சுற்றி வரும் சிறு சக்கரங்கள், இவற்றைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள் என்பது அதன் அமைப்பு. ஓட்டுகிறவன் அடுத்த கியரை முன்னதாகவே குறித்து வைத்து, வேண்டியபோது காலால் மிதித்து மாற்றலாம். இத்தகைய பெட்டியில் ஒரு பல் ஒடிந்தால் இன்று எந்தக் கடையில் போய்க் கேட்பது? வாங்க வழியில்லை; புதிதாகச் செய்துதான் ஆகவேண்டும்.

செய்வது என்றால் என்ன? ஒடிந்ததைப் பார்த்து அப்படியே இன்னொன்று வெட்டிவிடலாம் என்று தோன்றும். அதுதான் இல்லை. தேய்ந்த பல்லைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டியதாகும். பற்களை எண்ணி, இரண்டு அச்சுக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து, பல்லின் சாய்வைக் கணக்கிட்டு, அந்தப் பல் புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதைக் காகிதத்திலே முதலில் கண்டாக வேண்டும். பழங்காலத்து வரைபடங்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பின் சக்கரங்களுக்கு விசையைத் திருப்பிவிடும் பெரிய வட்டச் சக்கரமும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும் இன்னும் நுட்பமானவை. சிறியதில் 10 பல், பெரியதில் 40 பல் என்று வைத்தால், சிறியதின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் பெரியதின் அதே நான்கு பற்களையே சந்தித்துக் கொண்டிருக்கும். ஒரு பல்லிலே குறை இருந்தால் அந்த நான்குதான் அடிபடும். 9க்கு 41 என்று வைத்தாலோ ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் மாறி மாறிச் சந்தித்துத் தேய்மானம் சமமாகப் பரவும். பள்ளிக்கூடத்திலே மீப்பெரு பொது வகுத்தி என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறார்களே, அதன் பயன் இது! நம் வாத்தியார்கள் ஒரு நாளாவது பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டினால் கணக்கு இனிக்கும்.

வெட்டியான பிறகு உலை வேலை. நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய எஃகைக் கரியோடு சேர்த்து 900 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் பல மணி நேரம் வைத்தால், மேற்புறத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரி ஏறும். உடனே எண்ணெயில் தோய்த்தால் மேல்தோல் கண்ணாடிபோல் கடினமாகும். உள்ளே மட்டும் நெகிழ்ச்சி நிற்கும். முழுதும் கடினமானால் பல் ஒடியும். முழுதும் நெகிழ்ந்தால் பல் தேயும். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் கிராமத்துக் கொல்லனுக்கு இந்த நியாயம் தெரியாததன்று. சூட்டிலே சக்கரம் சற்றுக் கோணும். ஆகையால் பிறகு சாணை பிடித்து, ஜோடி இரண்டையும் சேர்த்து உரைத்து, பல்லிலே நீல மை தடவிச் சுழற்றிப் பார்ப்பார்கள். மை அழிந்த இடம் பல்லின் நடுவிலே விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் மறுபடி வேலை. முடிந்தபின் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். அவை பிறகு பிரியக்கூடாத ஜோடி.

இந்த வித்தையைச் சீமை வித்தை என்று வியந்து நிற்க வேண்டியதில்லை. செந்தூலிலே ஐக்கிய மலாய் நாடுகளின் ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய காலந்தொட்டு நடந்த வேலையும் இந்த வகைதான். ரயில் எஞ்சின் சீமையிலே செய்யப்பட்டது. 1938 முதல் வந்த புது எஞ்சின்கள் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனியின் வேலைப்பாடு. ஒரு தண்டு வளைந்தால் கப்பலிலே மாற்றுத் தண்டு வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க முடியுமா? ஆகையால் வார்ப்படச்சாலை, கொல்லுலை, கடைசல் கூடம், கொதிகலன் கூடம் எல்லாம் ஓரிடத்தில் எழுந்தன. தமிழர், யாழ்ப்பாணத்தார், சீக்கியர், சீனர், மலாய்க்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். சங்கு ஊதினால் செந்தூல் எழுந்தது. சங்கு ஊதினால் செந்தூல் உண்டது.

எஞ்சின் சக்கரத்துக்கு எஃகுப் பட்டை மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைவிடப் பட்டையின் உள் வட்டம் ஒரு மயிரிழை சிறிதாகக் கடையப்படும். பட்டையை நெருப்பிலே காய்ச்சினால் விரியும். விரிந்ததைச் சக்கரத்தின்மேல் பொருத்திவிட்டால் ஆறும்போது சுருங்கி இறுகப் பற்றிக்கொள்ளும். நம் நாட்டு மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதும் இவ்விதமே. தஞ்சாவூர்க் கிராமத்துப் பட்டறைக்கும் செந்தூல் கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவுகோலில் இருந்ததே தவிர அறிவில் இருந்ததில்லை.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையுள்ள காலத்தில் கிளாஸ்கோவிலிருந்து ஓர் ஆணி வர வழியில்லை. எஞ்சின்களோ ஓடியாக வேண்டும். அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். அப்பாதைக்காகக் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. தோட்டத்துத் தமிழன் தண்டவாளத்தின்கீழ்ப் புதைந்தான்; பட்டணத்துத் தமிழன் அதன்மேல் ஓடிய எஞ்சினை ஓட்டுப்போட்டு ஓடவைத்தான். இருவரும் எஜமானனைத் தேர்ந்துகொண்டவர் அல்லர். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வேப் பட்டறைமீது குண்டு பொழிந்தன. யுத்தம் முடிந்ததும் சிதைந்த கூடத்தை எடுத்து நிறுத்தி, அதே கைகள் மறுபடி வேலை தொடங்கின.

தாய்நாட்டிலே ஜி. டி. நாயுடுவை நினையாமல் இந்தப் பேச்சை முடிக்கக்கூடாது. கோயமுத்தூர் அருகே கலங்கல் என்ற ஊரில் 1893ல் பிறந்து, ஆரம்பப் பள்ளிக்கு மேல் படியாதவர்; 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர். வண்டி கெட்டால் சீமைக்கு எழுதிக் காத்திருப்பதைவிட நாமே செய்தால் என்ன என்ற கேள்விதான் அவரைப் பட்டறைக்காரராக்கிற்று. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். 1945ல் கோவையிலே தொழிற்கல்வி நிலையம் கண்டார். கையால் செய்யாத படிப்பைப் படிப்பென்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. பெரியாருக்கு அவர் நண்பராயிருந்ததில் வியப்பு ஏது? பெரியார் 1929 டிசம்பரில் மலாய் நாட்டுக்கு வந்தபோது நம்மவரிடம் சொன்ன ஜாதி ஒழிப்பும் இதுவும் ஒன்றோடொன்று பின்னியவை. இரும்பு அடிக்கிறவன் தாழ்ந்தவன், ஏடு எழுதுகிறவன் உயர்ந்தவன் என்ற எண்ணம் இருக்கும்வரை எந்தப் பட்டறையும் வளராது.

நம் வீடுகளைப் பார்ப்போம். ஆயுத பூஜையன்று கடைசல் யந்திரத்துக்குச் சந்தனம், அரத்துக்குக் குங்குமம், சுத்தியலுக்கு மாலை. அவற்றைப் பிடிக்கிற பிட்டருக்கோ பெண் கொடுக்க யோசனை! மாப்பிள்ளை குமாஸ்தாவாக இருந்தால் சம்பளம் பாதியானாலும் சம்மதம். பிட்டரே தம் மகனை, "என்னைப்போல் எண்ணெய்க் கையோடு நிற்காதே" என்று சொல்லித்தானே பள்ளிக்கு அனுப்பினார்? அவர்மேல் குற்றமில்லை. ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைக் கைவிரலால் உணர்ந்தவனை நாட்கூலிக்காரன் என்று கணக்கெழுதியது நிர்வாகம். 1962 டிசம்பரில் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது தினக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் பெறுவதற்காகவே. சுதந்திரம் வந்து ஐந்து வருஷங்களுக்குப் பிறகும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

1968ல் கிள்ளான் பாதையிலே பத்து தீகாவில் மோட்டார் பந்தயக் களம் திறந்தது. அக்காலத்துப் பந்தய வண்டிகள் பலவற்றில் இருந்தவை இங்கிலாந்தில் ஹியூலண்ட் என்பவர் 1957ல் தொடங்கிய பட்டறையின் கியர்ப்பெட்டிகள். ஒவ்வொரு களத்துக்கும் ஏற்றாற்போல் பல் விகிதத்தை மாற்றிப் போடலாம் என்பதே அவற்றின் சிறப்பு. அந்தக் களமும் இப்போது இல்லை. பந்தயம் 1999 முதல் சிப்பாங்குக்குப் போயிற்று. பத்து தீகாவில் ஓடிய வண்டிகளுக்கு இன்று வயது அரை நூற்றாண்டுக்கு மேல். சீமையிலோ அவ்வகை வண்டிகளுக்குப் பல்வெட்டிக் கொடுப்பதே ஒரு தொழிலாக நடக்கிறது; விலையும் தாராளம்.

செந்தூல் பட்டறையின் வேலை 2010ஐ ஒட்டிய வருஷங்களில் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2005ல், பழைய ரயில்வேக் கட்டடம் ஒன்று நாடக அரங்கமாயிற்று. நாடகம் நல்லதுதான், நாமும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் எந்த உறுப்பை எவர் எப்படிச் செய்தார் என்று நம்மிலே எழுதி வைத்தவர் எத்தனை பேர்? பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஓய்வுபெற்ற பிட்டர்களும் டர்னர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேத்திமாரில் பலர் பொறியியல் பட்டதாரிகள். தாத்தாவின் பெட்டியிலே இருக்கும் காலிப்பர் எதற்கென்று அந்தப் பெண்கள் கேட்டால், அவர் ஒரு மாலைப்பொழுது முழுதும் சொல்லுவார். பத்துமலைக்கு 2010 முதல் ஓடும் மின்சார ரயில் செந்தூலில் நிற்கிறது. பெட்டி வீடுகள் நிலையத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை.