மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம்

1888 அக்டோபரில் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் வந்து இறங்கினார் பால் கோகன். பங்குத் தரகு வேலையை விட்டுவிட்டு ஓவியத்தையே நம்பிய நாற்பது வயதுக்காரர், கையில் காசில்லை. ஓவியர்கள் கூடி வாழ்ந்து வரைய ஓர் இடம் வேண்டும் என்ற கனவோடு அங்கே காத்திருந்தார் வான்கோ. அவருடைய தம்பி தியோ, கோகனுக்கு மாதம் 150 பிராங்க் தருவார். பதிலுக்கு மாதம் ஒரு படம். ஒன்பதே வாரத்தில் எல்லாம் முறிந்தது. இருவரின் சுபாவத்தையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். இருவரும் தங்கிய வீட்டின் அடுப்பு வேறொருவர் பணத்தில் எரிந்ததையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே 1966-ல் பிறந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அடுப்பு வேறு விதமாக எரிந்தது.

அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957-ல் அதன் முதல்வரானார். அவருடைய தொடக்ககால ஓவியங்களில் வான்கோ, கோகன் சாயல் நன்றாகவே தெரியும். 1954-ல் லண்டனில் தன் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர், நம் மண்ணுக்கான மொழியைத் தேடி 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் அவரை அரித்தது மாணவர்களின் வயிற்றுப்பாடு. நன்றாக வரைகிற பிள்ளைகள் படித்து முடித்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்தார்கள். அதற்கு அவர் கண்ட வழி பத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை நீக்கினால் சித்திரம் தெளியும். கைவினைச் சங்கம் அமைத்துப் பத்திக் துணிகளை விற்றார்கள். அந்தக் காசில்தான் சவுக்கும் மணலுமாகக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். கைவினை சோறு போடட்டும், ஓவியம் யாருக்கும் தலைவணங்க வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. புரவலரை நம்பாத இந்தத் துணிச்சலை இந்தியக் கலை வரலாற்றின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் வைப்பேன்.

சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், பணிக்கரின் மகனான சிற்பி நந்தகோபால் எனப் பலர் அங்கே வேலை செய்தார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

பசியைத் தீர்த்த கிராமத்தால் எல்லாத் துயரையும் தீர்க்க முடியவில்லை. மைக் கோடுகளில் கனவு மாளிகைகளை எழுப்பிய கே. ராமானுஜம், 1973-ல், முப்பத்திரண்டு வயதுவாக்கில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய படங்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)