ஒரு துப்பாக்கியின் பாட வேறுபாடுகள்

படைக்கல வரலாறு எழுதுவோர் ஒரு கருவியின் பெயரையும், அதனை வகுத்தோன் பெயரையும், படை அதனை ஏற்ற ஆண்டையும் கூறி அமைவர். ஒரு பெயரால் வழங்கும் கருவி முதல்நாள் தொட்டு இறுதிவரை ஒன்றே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாகும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எம் கருத்து. அமெரிக்கப் படையின் எம்1 காரண்டு ரைபிளை ஈண்டுச் சான்றாகக் கொள்வோம்.

கனடாவிற் பிறந்த ஜான் காரண்டு, மாசசூசெட்சு மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு அரசுப் படைக்கலச்சாலையில் 1919 முதல் பணியாற்றியவர். அவர் வகுத்த இத்துப்பாக்கி, வெடித்த மருந்தின் வளியைக் கொண்டே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது; விசையை இழுக்குந்தோறும் ஒருமுறை சுடுவது. படை இதனை 1936இல் ஏற்றது. 1937இல் ஆலையாக்கம் தொடங்கிற்று.

முதற்கண் வெளிவந்தவற்றில் குழலில் துளையில்லை. குழலைத் துளைத்தலாகாது என்னும் அக்காலக் கொள்கைக்கிணங்க, குழல்முனையில் பொருத்திய ஒரு மூடி வளியைப் பிடித்துக்கொண்டது. அதில் கரி படிந்தது. அதனோடு இணைந்த முன்குறியும் உறுதியாக நிற்கவில்லை. ஆதலின் குழலைச் சற்று நீட்டி, முனையருகே அடிப்பக்கத்தில் சிறு துளையிடும் முறை 1939இல் ஒப்பப்பெற்று 1940இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள் பழைய முறையிலேயே செய்யப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர்ப் புதுமுறைக்கு மாற்றப்பட்டமையால் முதல் வடிவம் இன்று மிக அரிது. திருத்தியோர் திருத்தத்தினாலேயே மூலபாடத்தை மறைத்துவிட்டனர் எனலாம்.

இது வகுத்தோர் அறிந்து செய்த மாற்றம். யாம் பெரிதும் கருதத்தக்கது மற்றொன்று. இத்துப்பாக்கியில் எட்டுத் தோட்டாக்கள் ஒரு தகட்டுக் கவ்வியோடு ஒருங்கே உட்செல்லும். தொடக்க ஆண்டுகளில் ஆறு தோட்டாக்கள் செவ்வனே வெடித்தபின் ஏழாவது தன் நிலைபெயர்ந்து இயக்கத்தை நிறுத்தும் குறையொன்று தோன்றிற்று. மாதிரிப் பட்டறையில் தேர்ந்த கைவினைஞர் செய்த துப்பாக்கிகளில் அக்குறை காணப்படவில்லை, வரைபடத்திலும் பிழையில்லை. ஆராய்ந்தபோது காரணம் ஆலையில் இருந்தது. குழலுக்குப் பின்னே கவ்வியைத் தாங்கும் எஃகுக் கூட்டினுள், அதற்கு வழிகாட்டும் சிறு வரம்பு ஒன்றுண்டு. வேலையை எளிதாக்கும் பொருட்டு வெட்டுக்கருவியை நேரே ஓடவிட்டமையால் அவ்வரம்பின் ஒரு பகுதி அறுபட்டுப் போயிற்று. முன்பே செய்து முடித்த கூடுகளில் சிறு இரும்புத் துண்டைப் பற்றவைத்து அக்குறையை நீக்கினர். மூலம் திருத்தமாயிருப்பவும் ஏடெழுதுவோன் கையில் ஓரெழுத்து விழுந்தால் பொருள் சிதைவதை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே. வரைபடத்தை மட்டும் நோக்குவோர் இதனை அறிதல் இயலாது. செய்த பொருளையே எடுத்து நோக்கவேண்டும்.

போர் மூண்டபின் விரைவே தலையாய நோக்கமாயிற்று. கடைந்தெடுத்த விசைக்காப்பு 1944இல் தகட்டை அச்சிலிட்டு அழுத்திய காப்பிற்கு இடம்விட்டது. ஆயினும் எல்லா ஆலைகளும் ஒரே காலத்தில் மாறினவல்ல. வின்செசுட்டர் நிறுவனம், மாற்றம் புகுத்தினால் உற்பத்தி தடைப்படும் என்றெண்ணி, ஸ்பிரிங்பீல்டு கைவிட்ட பழைய உறுப்பு வடிவங்களையே நெடுநாள் கையாண்டது. எனவே உறுப்பின் பழைமை கொண்டு துப்பாக்கியின் பழைமையைத் துணிதல் தவறாகும். அது எவ்வாலையது என்பதை முதலில் அறியவேண்டும். ஏடுகளிலும் ஒரு பாடம் பழையதாயிருத்தலும் அதனைத் தாங்கிய ஏடு பழையதாயிருத்தலும் வேறு வேறன்றோ?

1945க்குள் ஏறத்தாழ 40 இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. போருக்குப்பின் அவை பழுதுபார்க்கும் சாலைகளுக்குச் சென்றபோது பிரித்துக் கோக்கப்பட்டன. இயக்கத்தண்டு ஒரு மூலையில் விரிசல் காண்பதை உணர்ந்து, அம்மூலையை வளைவாக வெட்டும் முறை அப்போது வந்தது; பழைய தண்டுகளும் அவ்வாறே வெட்டப்பட்டன. ஒன்றன் குழல் மற்றொன்றன் கூட்டில் ஏறிற்று. தொடர் எண்ணோ கூட்டின்மீது மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வெண்ணைக் கொண்டு கூடு செய்யப்பட்ட காலத்தைக் கூறலாமேயன்றி, அதனோடு இணைந்த குழலின் காலத்தையோ தண்டின் காலத்தையோ கூறுதல் இயலாது.