செஞ்சிக் கோட்டைக் காவற்படையின் உடல்நலம்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை அரண் வலிமைக்குப் பெயர்பெற்றது. அங்கே காவலிருந்த படையினரிடையே அது காய்ச்சலுக்கும் பெயர்பெற்றிருந்தது. 1750 முதல் 1761 வரை கோட்டையை வைத்திருந்த பிரெஞ்சுப் படையும், பின்னர் அதை முற்றுகையிட்ட ஆங்கிலேயரின் சிப்பாய்களும் போரில் இழந்ததைவிட நோயில் அதிகம் இழந்தனர். படைவீரரின் பணியிடமே அவர் உயிரைக் குடித்ததற்குத் தமிழகத்தில் எண்ணிக்கையோடு கிடைக்கும் ஒரு பழைய சான்று இது.

அமைவிடமும் பணிச்சூழலும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஏறக்குறைய 28 கி.மீ. மேற்கே செஞ்சி உள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதில் ஒன்று வளைத்து இணைக்கிறது. இவற்றில் உயரமான ராஜகிரி சுமார் 240 மீட்டர். அதன் உச்சியை அடையும் முன் பாறை சட்டெனப் பிளந்து, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பள்ளமாகிறது. அதன்மேல் போட்ட தூக்குப் பாலமே ஒரே வழி. காவல் மாறும் சிப்பாய் வெயில் காய்ந்த கருங்கல் படிகளில் ஏறி, இந்தப் பாலத்தைக் கடந்துதான் மேலே போகவேண்டும். தானியமும் வெடிமருந்தும் அதே வழியில்தான் ஏறின.

நீர் ஏற்பாடு திறமையானது. மலைமேல் சுனைகள், அடிவாரத்தில் ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம், மதிலைச் சுற்றி அகழி என எங்கும் நீர் தேக்கப்பட்டது. கோட்டைக்குள்ளிருக்கும் கல்யாண மகாலுக்கு, மதிலுக்கு வெளியிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்களில் தண்ணீர் வந்தது.

பிரெஞ்சுக் காவற்படை, 1750–1761

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தார். அதன் பிறகான இழப்பைப் பற்றி ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் ஒரு கணக்குத் தருகிறார். பிரெஞ்சுக்காரர் எந்த நேரத்திலும் 100 ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்திருக்கவில்லை. ஆனாலும் பத்து ஆண்டுகளில் 1,200 பேரை இழந்தனர். அப்படியானால், ஆண்டுக்கு 120 பேர். இருந்த படை முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் மாண்டு, புதிய ஆட்களால் நிரம்பியது. ஓர்மின் எண்ணில் பாதியைத் தள்ளிவிட்டாலும், ஆண்டு இழப்பு இருந்த படையில் பாதிக்கு மேல் வருகிறது.

1761 முற்றுகை

1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி வீழ்ந்தபின், கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் தலைமையில் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படை செஞ்சிக்கு வந்தது. ஊரையும் ஒரு மலையையும் பிடித்து அங்கேயே தங்கியதும், காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. சுமார் 300 சிப்பாய்கள் நோயில் இறந்ததாக ஓர்ம் எழுதுகிறார். உள்ளிருந்தவர்கள் ஏப்ரலில் சரணடைய முன்வந்தபோது, ஸ்மித் அந்த நிபந்தனைகளை ஏற்க இந்த இழப்பும் காரணமாயிற்று. உள்நாட்டுச் சிப்பாய்க்கு இந்தத் தட்பவெப்பம் பழக்கம், அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்துக்கு இந்த 300 இறப்புகளே மறுப்பு.

காரணம்

இத்தகைய காய்ச்சலுக்கு அக்கால மருத்துவம் காற்றைக் குறைசொன்னது. முறைக்காய்ச்சலைக் குறிக்கும் மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் அந்நோயின் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டபின்பே விளக்கம் மாறியது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, குளம், தொட்டி எனத் தெளிந்து நிற்கும் நீரே அதற்குப் போதும். முறைக்காய்ச்சல் பரவும் வட்டாரத்தில் முற்றுகையைத் தாங்கச் சேமித்த நீர், காவலிருந்தவருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. இறந்தவரின் இடத்தைப் புதியவரைக் கொண்டு நிரப்பியது அந்த ஆபத்தைத் தொடரச் செய்தது.

பிற்காலச் சீர்திருத்தங்கள்

படையினரின் நோயை நிர்வாகக் குறையாகப் பார்க்கும் பார்வை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது. இந்தியாவிலுள்ள படைகளின் சுகாதாரம் குறித்து 1859-இல் அமைந்த அரச ஆணையம் 1863-இல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69 பேர் இறந்தனர் என்று அது காட்டியது. ஆணையத்தின் வேலையில் புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்குப் பெரும் பங்குண்டு. படைக்குடியிருப்பில் நெரிசல் குறைப்பு, வடிகால், நல்ல குடிநீர், மலைவாழிடங்களில் முகாம் ஆகியவை வலியுறுத்தப்பட்டன. 1864-இல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு சுகாதார ஆணையம் அமைந்தது.

இன்று இந்திய ராணுவத்தில் கொசு ஒழிப்பும் குடிநீர்ச் சோதனையும் மருத்துவப் பிரிவின் அன்றாட வேலைகள்.

இன்றைய நிலை

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டை, 2025 ஜூலையில் மராட்டியப் படைநிலத் தோற்றங்கள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தொகுதியிலுள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. தானியக் களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, உடற்பயிற்சிக்கூடம், குதிரை லாயம் ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். குளங்களில் இப்போதும் நீர் நிற்கிறது.