கொங்கின் கடல்நிற மணி: பெரிலும் வைடூரியமும்

வைடூரியம் என்னும் சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள் பூனைக்கண் மணி என்பதாகும். நவமணி வரிசையிலும் அதுவே இடம்பெறுகிறது. ஆயினும் கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் ரோமானியர் விரும்பி வாங்கிய வைடூரியம் பூனைக்கண் அன்று. கடல்நீரின் நிறங்கொண்ட பெரில் என்னும் கல்லாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் கொங்கு நாட்டு மணி வணிகத்தின் வரலாறு மங்கிவிடுகிறது.

சொல்லின் பயணமே இதற்குச் சான்று பகர்கிறது. வேளுரிய என்னும் பிராகிருதச் சொல் கிரேக்கத்தில் பெரிலோஸ் ஆயிற்று. 1798இல் வோக்கலின் இக்கல்லிலிருந்து கண்டறிந்த தனிமமும் பின்னர்ப் பெரிலியம் எனப் பெயர் பெற்றது. மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.

கி.பி. 79இல் மறைந்த பிளினி தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், பெரில் இந்தியாவில் தோன்றுவது, பிற இடங்களில் அரிதாகவே கிடைப்பது என்கிறார். கடலின் தூய பச்சையை ஒத்ததே அவர் கருத்தில் தலையாயது. அதனை அறுபட்டையாகத் தீட்டாவிடில் நிறம் மங்கித் தோன்றும் என்றும், இந்தியர் துளையிட்டு யானை மயிரில் கோப்பர் என்றும் கூறுகிறார். பளிங்குக்கு நிறமேற்றிப் போலிப் பெரில் செய்தமையையும் அவர் விடவில்லை. அரிய பொருளுக்கன்றோ போலி தேவைப்படும்!

இக்கல்லின் கொங்குநாட்டு இருப்பிடம் காங்கேயத்தை அடுத்த படியூர் ஆகும். அங்குள்ள பெரில் சுரங்கத்தை 1819-20இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் மீண்டும் தோண்டினார். நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் கிடைத்தன. முடிவுறாத மணிகளும் கழிவுச் சில்லுகளும் உடன் கிடைத்தமையால், கற்கள் அங்கேயே தீட்டப்பட்டன என்பது தெளிவு. பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்கள் போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பர்.

கொங்கில் ரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைப்பதற்குப் பெரிலே காரணம் என 1904இல் சூவெல் கருதினார். இக்கருத்தை முழுமையாக ஏற்றல் அரிது. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கருவூர் செல்லும் பெருவழி இந்நிலத்தின் ஊடாகவே சென்றது. மிளகு முதலான பிற சரக்குகளின் விலையும் அவ்வழியே வந்திருத்தல் கூடும். தாலமி பெரிலுக்குரிய ஊராகச் சுட்டும் புன்னாடும் கபினி ஆற்றுப் பகுதியைச் சார்ந்ததாகவே கருதப்படுகிறது. பெரில் காரணங்களுள் ஒன்று என்பதே பொருந்தும்.

பெயர் எப்போது பூனைக்கண்ணுக்கு மாறியது? சிலப்பதிகார ஊர்காண் காதையில் தெளிந்த தேனின் நிறமுடையதாக வரும் மணியை உரைகாரர் வைடூரியம் என்பர். கடற்பச்சை தேன்நிறமாக மாறிய நிலை இது. இரண்டிலும் பெரிலியம் உண்டெனினும், பெரில் சிலிக்கேட்டு வகையைச் சார்ந்தது. பூனைக்கண்ணோ ஆக்சைடு வகையைச் சார்ந்தது, கடினத்தில் மேற்பட்டது. சங்கப் பாடல்களில் வாளா 'மணி' என வருமிடங்களில் நீலமணி என்றே உரை கொள்ளுதல் மரபு. கொடுமணலில் நீலமும் பெரிலும் ஒருங்கே கிடைத்திருத்தலின், உவமையில் அமைந்த நிறம் கடலா, காயாம்பூவா, மயிற்கழுத்தா என ஒவ்வோரிடத்தும் நோக்கியே அப்பொருளைத் துணிதல் வேண்டும்.