கிறிஸ்டோஃபர் ஃப்ரீமன்

கிறிஸ்டோஃபர் ஃப்ரீமன் (1921–2010) பிரிட்டன் நாட்டுப் பொருளியலாளர். அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை ஒரு தனி ஆய்வுத்துறையாக உருப்பெற்றதில் இவருடைய பங்கு பெரிது. ஒரு நாடு ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் கணக்கிடும் முறையை வகுத்துக் கொடுத்தவர் இவர்தான். அந்தக் கணக்கை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று பின்னாளில் ஓயாமல் எழுதியவரும் இவரே.

ஷெஃபீல்டில் பிறந்து லண்டன் பொருளியல் பள்ளியில் பயின்றார். படிப்பின் நடுவே இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. 1959இல் தேசியப் பொருளியல், சமூக ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, பிளாஸ்டிக், மின்னணுத் தொழில்களில் புதுமைகள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்ந்தார்.

அக்காலத்தில் ஒவ்வொரு நாடும் ஆராய்ச்சிச் செலவைத் தன் போக்கில் கணக்கிட்டு வந்தது; ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்புக்காக ஃப்ரீமன் எழுதிய வரைவை, 1963இல் ரோமுக்கு அருகிலுள்ள ஃப்ராஸ்காட்டியில் கூடிய வல்லுநர்கள் விவாதித்தனர். அந்த வரைவிலிருந்து உருவான கையேட்டுக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. அதன் சிக்கல் முழுவதும் எல்லைக்கோட்டில்தான்: எது ஆராய்ச்சி, எது அன்றாட வேலை? இறப்பின் காரணத்தை மட்டும் அறிய நடக்கும் வழக்கமான பிரேதப் பரிசோதனை ஆராய்ச்சியில் சேராது. ஒரு புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவை அறிய நடப்பது சேரும் என்கிறது பிற்காலப் பதிப்பு ஒன்று. கத்தியும் மேசையும் ஒன்றுதான், கேள்விதான் வேறு. இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது (2020–21) என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த விழுக்காட்டைக் கணக்கிடும் முறைக்கும் மூலம் இந்தக் கையேடுதான்.

1966இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கொள்கை ஆய்வுப் பிரிவைத் தொடங்கி, 1982 வரை அதன் இயக்குநராக இருந்தார். பொருளியலாளர்களும் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் அங்கே ஒரே ஆய்வில் கைகோத்தனர். ‘சாஃபோ’ என்ற ஆய்வு, வென்ற புதுமையையும் தோற்ற புதுமையையும் இணை இணையாக நிறுத்தி ஒப்பிட்டது. பயன்படுத்துவோரின் தேவையை நன்கு அறிந்ததே வென்றவற்றைத் தனித்துக் காட்டியது. உலகின் வளர்ச்சி ஒருநாள் தடைபடும் என்று எச்சரித்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலின் கணினி மாதிரியை 1973இல் இப்பிரிவினர் கடுமையாக விமர்சித்தனர். தொழில்நுட்ப மாற்றத்துக்கு அதில் உரிய இடமில்லை என்பது அவர்கள் வாதம்.

ஜப்பானைப் பற்றி 1987இல் எழுதிய நூலில் ‘தேசியப் புத்தாக்க அமைப்பு’, அதாவது ஒரு நாட்டில் புதுமைகளை உருவாக்கிப் பரப்பும் நிறுவனங்களின் வலைப்பின்னல், என்ற கருத்தை விரித்தார். பின்னர் அதே நாட்டைச் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பிட்டார். 1970களில் சோவியத் ஒன்றியம் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, ஜப்பான் 2.5 மட்டுமே. ஃப்ராஸ்காட்டிக் கணக்கின்படி முந்தியிருக்க வேண்டியது மாஸ்கோ. ஆனால் சோவியத் பணத்தில் பெரும்பங்கு ராணுவத்துக்கும் விண்வெளிக்கும் போயிற்று. ஜப்பானிலோ மூன்றில் இரண்டு பங்கைத் தொழில் நிறுவனங்களே போட்டன. ஆய்வுக்கூடத்துக்கும் தொழிற்சாலைத் தளத்துக்கும் இடையே அங்கே போக்குவரத்து இருந்தது.